விரலில் மாட்டும் கருவியின் கதை



கொரோனா காலத்தில் ஆளாளுக்கு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் உங்கள் வீட்டு மேசை டிராயரில் கிடக்கும். அந்தக் கருவி பெயர் வாங்கியது ஆபரேஷன் தியேட்டரில்தான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து, பலர் முன்னிலையில் அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். வலி போயிற்று. ஆனால் மயங்கிக் கிடப்பவருக்கு ஆக்சிஜன் குறைந்தால் எப்படித் தெரியும்? உதடும் நகமும் நீலம் பாய்கிறதா என்று கண்ணால்தான் பார்த்தார்கள். 1947-ல் அமெரிக்காவில் கோம்ரோ, போடெல்ஹோ இருவரும் அந்தக் கண்ணையே சோதித்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 80 சதவீதம்வரை இறங்கும்வரை, பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு நீலம் தெரியவில்லை. 95-க்கு மேல் இருக்க வேண்டிய எண் அது!

விடை வந்தது ஜப்பானிலிருந்து. டாக்குவோ அவோயாகி மருத்துவர் அல்ல, பொறியாளர். நிஹான் கோடன் நிறுவனத்தில் வேலை. ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காதுமடலில் ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கோட்டை அலை அலையாக்கிக் கெடுத்தது. இரண்டு நிற ஒளியை வைத்து அந்த அலையை அழிக்கப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு மாறியபோதெல்லாம் அழிக்க முடியவில்லை. அங்கேதான் பொறி தட்டியது. துடிப்பது தமனி ரத்தம் மட்டும். தோல், எலும்பு, சதை எல்லாம் அசையாமல் இருக்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும். ஆக, துடிக்கும் பகுதியில் இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் போதும், ஊசி குத்தாமலே ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். தொல்லை என்று நினைத்ததே விடையாகிவிட்டது. 1974-ல் இதை வெளியிட்டார்.

அவருடைய நிறுவனம் இதைப் பெரிதாக எடுத்துச் செல்லவில்லை. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வில்லியம் நியூ 1981-ல் நண்பர்களோடு நெல்கார் நிறுவனத்தைத் தொடங்கி, கருவியைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார். ஆக்சிஜன் இறங்க இறங்க 'பீப்' ஒலியின் சுருதியும் இறங்கும். மருத்துவர் திரையைப் பார்க்கக்கூட வேண்டாம், காதே சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. நோயாளிக்கு ஆக்சிமீட்டர் மாட்டி, அது வேலை செய்கிறதா என்பதும் அதில் ஒன்று. புதுதில்லி உட்பட 8 நகரங்களில் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கருவி மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவரையொருவர் பெயர் சொல்லி, கேட்டுச் சரிபார்த்ததும் காரணம்.

அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். உலகமே அவர் கருவியைத் தேடி அலைந்த நேரம்! அதே ஆண்டு டிசம்பரில்தான் ஒரு கசப்பான சேதி வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைச் சோதித்த முடிவுகளை ஒப்பிட்டார்கள். கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத முடிவுகளில் உண்மை அளவு 88-க்கும் கீழே. வெள்ளையர்களில் 3.6தான். கோட்பாட்டின்படி தோல் நிறம் கணக்கில் கழிந்துபோக வேண்டும், நடைமுறையில் கழியவில்லை. கருவியைச் சரிபார்க்கும் சோதனையில் கருத்த தோல் உடையவர்கள் குறைந்தது 2 பேர், அல்லது 15 சதவீதம் இருந்தால் போதும் என்பதே 2013-ல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு தந்த வழிகாட்டுதல். 2025 ஜனவரி வரைவில், குறைந்தது 150 பேரை, எல்லாத் தோல் நிறத்தவரையும் சேர்த்துச் சோதிக்கச் சொன்னார்கள்.

நம்மில் பலர் நிறத்துக்கு இது அடுத்த வீட்டுச் சேதி அல்ல. வீட்டில் பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும்போது கருவி 94 காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மயக்கவியல் துறையில் இருக்கும் என் பிள்ளைகள், தியேட்டரில் இந்த வித்தியாசத்தைக் கண்டதுண்டா என்று கீழே எழுதுங்கள்.