எலும்பு சொன்ன வயதும் கல் சொன்ன வயதும்

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் பாலென்கே என்று ஒரு பழைய மாயர் நகரம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் பாரீசில் இருக்கும் என் மகளோடும் மருமகனோடும் அங்கே போயிருந்தேன். வில்லாஎர்மோசாவில் விமானம் இறங்கி, காரில் இரண்டு மணி நேரப் பயணம்.

விடுதியில் முதல் நாள் விடியற்காலை காட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல். புலியேதான் என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஒன்று அடங்கினால் இன்னொன்று தொடங்குகிறது. காலைச் சிற்றுண்டியின்போது விசாரித்தால், அது குரங்காம். ஊளைக் குரங்கு. நம் வீட்டு நாய் அளவுதான் இருக்கும். தொண்டையில் ஒரு எலும்பு குடம் போலக் குடைந்திருப்பதால் அந்தச் சத்தம் சில கிலோமீட்டர் தூரம் கேட்கிறது. பிறகு ஒன்றை மரத்தில் பார்த்தேன். கரேலென்று உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருந்தது, பரம சாது.

இடிபாடுகளுக்கு நடுவே ஓங்கி நின்ற ஒரு மரத்தைக் காட்டி, இது மாயர்களுக்குப் புனிதமானது என்றார் வழிகாட்டி. பார்த்தால் நம் தலையணைக்குப் பஞ்சு தரும் இலவமரம்! மேலே கிளிகளும் கத்திக்கொண்டிருந்தன, இலவு காத்த கிளிகளோ என்னவோ. வழிகாட்டி சோல் மொழி பேசுகிறவர். அந்தக் கல்வெட்டுகளின் மொழிக்கு மிக நெருங்கிய உறவுள்ள மாயர் மொழி அது.

நான் பார்க்க ஆசைப்பட்டது கல்வெட்டுக் கோயிலை. படிப்படியாக எழும் பிரமிடு, உச்சியில் கோயில், அதன் சுவர்களில் எழுத்துப் பலகைகள். ஆல்பெர்தோ ருஸ் லுயில்லியே என்ற ஆய்வாளர் (பாரீசில் பிறந்தவர், அந்தப் பெயரைப் பிரெஞ்சில் உச்சரித்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்) 1949-இல் அக்கோயிலின் தரையில் ஒரு கல்லைக் கவனித்தார். அதில் வரிசையாகத் துளைகள், துளைகளுக்குக் கல் அடைப்பான்கள். தூக்கிப் பார்த்தால் கீழே படிக்கட்டு இறங்குகிறது. முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்திருக்கிறார்கள். அதை அள்ளி வெளியேற்றவே நான்கு பருவங்கள் ஆயின. 1952 ஜூனில் அடித்தளத்தில் ஒரு அறை, செதுக்கிய பெரிய கல்மூடி, உள்ளே பச்சைக்கல் முகமூடி அணிந்த ஒரு மன்னனின் எலும்புகள்.

அப்போது எலும்பைச் சோதித்தவர்கள், இவருக்கு நாற்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் என்றார்கள். பல் கூட அதிகம் தேயவில்லை.

கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்க அப்போது ஆளில்லை. அதே 1952-இல்தான் சோவியத் ஒன்றியத்தில் யூரி குனோரசாவ், மாயர் எழுத்தில் அசைகளைக் குறிக்கும் குறிகள் உண்டு என்று எழுதினார். அதை உலகம் ஏற்கவே பல ஆண்டுகள் பிடித்தன. 1973-இல் பாலென்கேயில் கூடிய அறிஞர்களில் மூவர் ஒரே அமர்வில் அந்த ஊர் மன்னர்களின் வரிசையைக் கோத்துவிட்டார்கள். அதன்படி கல்லறையில் இருப்பவர் பாக்கல். பிறப்பு 603, பட்டம் ஏறியது 615, அதாவது 12 வயதில். இறந்தது 683. ஆக, வயது 80.

ருஸ் இதை ஏற்கவேயில்லை. 1979-இல் இறக்கும்வரை எலும்பின் பக்கமே நின்றார். கல்லில் எழுதினால் எல்லாம் உண்மையா, மன்னனைப் பெருமைப்படுத்த யாரும் எதையும் எழுதலாமே என்ற சந்தேகம் நியாயமானதுதான்.

இந்த வழக்கு என்னை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி மேரியில் என் பிறப்பைப் பிரெஞ்சில் அழகாகப் பதிந்திருக்கிறார்கள், 1951 ஜூய்யே மாதம் என்று. நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் பணிப் பதிவேட்டை எழுதியவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஜூய்யேயை ஜுவேன் என்று எடுத்துக்கொண்டு ஜூன் என்று எழுதிவிட்டார். ஜூலை ஜூனாயிற்று. நானும் கையெழுத்துப் போட்டேன். திருத்துவதென்றால் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நான் கவனித்தது இருபது ஆண்டு கழித்து. 2011 ஜூன் 30-இல் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளம் போனால் போகிறது, மறுநாள் ஜூலை முதல் தேதி வரவேண்டிய ஆண்டு ஊதிய உயர்வும் போயிற்று. ஓய்வூதியத்தில் அது எவ்வளவு என்று ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும். எனக்கு மேரிப் பதிவும் பொய்யில்லை, பணிப் பதிவேடும் யாரோ வேண்டுமென்றே எழுதியதில்லை. ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

பாக்கலுக்கு என்னைவிட அதிர்ஷ்டம். பின்னாளில் புதிய முறைகளில் அதே எலும்புகளை மறுபடி சோதித்தார்கள். முதியவர்தான் என்று தெரிந்தது. பல் தேயாததற்கு, அரண்மனையில் கிடைத்த மென்மையான உணவு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கல் சொன்னது சரி.

கோயிலுக்குள் இப்போது பார்வையாளர்களை விடுவதில்லை. அருங்காட்சியகத்தில் கல்மூடியின் நகலைக் காட்டுகிறார்கள். அதன் விளிம்பில் பாக்கல் பிறந்த நாளும் இறந்த நாளும் செதுக்கியிருக்கின்றன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தக் குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் இரண்டு முறை கூப்பிட்டாள்.

ருஸ்ஸின் சமாதியும் அங்கேயே, அந்தக் கோயிலுக்கு எதிரில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இலைவெட்டி எறும்புகள் பாதையை மறித்து, ஆளுக்கொரு பச்சைத் துண்டைக் குடைபோலத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. மிதித்துவிடாமல் தாண்டுவதற்குள் மருமகன் காரை எடுத்து வந்துவிட்டார்.