சும்மா கிடந்த முறைக்கு யார் காசு?

பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் போகிற பக்கம் எங்கள் ஊர். சின்ன வெங்காயம், மக்காச்சோளம். தாத்தாவின் கிணறு கூட்டுக் கிணறு, நாலு பங்கு. நாலு நாளைக்கு ஒருதரம் நம் முறை வரும். விவசாயக் கரண்ட் 1990-லிருந்தே இலவசம் என்பதால் கரண்ட் பில்லுக்காக யாரும் சண்டை போட்டதில்லை. மோட்டார் புகைந்து காயில் கட்டக் கொடுக்கும்போதுதான் சண்டை வரும். பங்காளிகளில் ஒருவர் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். அவர் வயக்காடு தரிசாகக் கிடந்தது.

"தண்ணியே எடுக்காதவன் எதுக்குக் காசு குடுக்கணும்?" என்பார் அவர் தம்பி.

"அவன் முறை அவனுக்குத்தானய்யா கெடக்குது? நாங்க எடுத்தா சும்மா விடுவியா?" என்பார் தாத்தா.

இருபது வருஷம் கழித்து இதே சண்டையை ஓர் ஏசி அறையில் கேட்டேன். அங்கே அதற்குப் பெயர் 'ஐடில் காஸ்ட்'.

2006 ஆகஸ்டில் அமேசான் இசி2 என்ற பெயரில் கம்ப்யூட்டரை வாடகைக்கு விட ஆரம்பித்தது. சின்ன மெஷினுக்கு மணிக்கு 10 சென்ட். பத்து நிமிஷம் ஓட்டினாலும் ஒரு மணி நேரக் காசு. நொடிக்கணக்கு வந்தது 2017 அக்டோபரில்தான். அதற்கு முன்னால் ஒரு சர்வர் வேண்டுமென்றால் லெட்டர் எழுதி, கொட்டேஷன் வாங்கி, அக்கவுன்ட்ஸில் கையெழுத்துக்காக வாரக்கணக்கில் நிற்க வேண்டும். இப்போது பாஸ்வேர்ட் வைத்திருக்கிற எவரும் நள்ளிரவில் நூறு மெஷினைத் திறக்கலாம். செலவு செய்கிற கை எஞ்சினியருடையதாக மாறியது. பில் மட்டும் பழையபடி அக்கவுன்ட்ஸுக்கே போனது. இன்றைக்கு இருக்கிற அத்தனை செலவுக் கருவிகளும் இந்த இடைவெளியில் முளைத்தவைதான்.

முதலில் திணறியவர்களில் நெட்ஃபிளிக்ஸும் ஒன்று. 2013-ல் அவர்கள் இரண்டு கருவிகளை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். 'ஐஸ்' அமேசானின் பில் கோப்பைப் படித்து, எந்தக் குழு எவ்வளவு என்று படம் போட்டுக் காட்டும். 'ஜானிட்டர் மங்கி' அநாதையாகக் கிடக்கிற மெஷின், டிஸ்க்குகளைத் தேடிப் பிடித்து, உரியவருக்கு மெயில் போட்டு, கெடு முடிந்ததும் அழித்துவிடும்.

2016-ல் கேபிடல் ஒன் வங்கியிலிருந்து வந்தது 'கிளவுட் கஸ்டோடியன்'. எழுதியவர் கபில் தங்கவேலு. எங்கள் தெருவில் மட்டும் மூன்று தங்கவேலு உண்டு என்பதால் பெயரைப் பார்த்ததும் காரணமில்லாத ஒரு சந்தோஷம். ஒரு சின்ன யாமல் கோப்பில் விதியை எழுதி வைத்தால் போதும்: பெயர் ஒட்டாத மெஷினுக்கு அடையாளம் வை, நாலு நாள் பார், அப்புறம் நிறுத்து. ராத்திரி அணை, காலையில் போடு. விதி எழுத்தில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் கேட்கலாம்.

பெயர் ஒட்டுவதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஒரு பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் டெஸ்டுக்காகத் திறந்த பெரிய மெஷினை அணைக்க மறந்துவிட்டேன். ஒன்பது நாள் ஓடியிருக்கிறது. பில் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. "மறந்தது பரவால்ல, பேர் போடாம ஏன்டா ஓட்டின?" என்று மட்டும் கேட்டார் மேனேஜர். அது யாருடையது என்று கண்டுபிடிக்கவே அவர்களுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. அம்மா ஊர் அரியலூர்ப் பக்கம். அங்கே சுண்ணாம்புக்கல் லாரியைக் காலியாக ஒருதரம், லோடோடு ஒருதரம் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு கொடுப்பார்கள். வண்டி நம்பர் இல்லாத சீட்டே கிடையாது. அந்த லாரிக்கு இருந்த ஒழுங்குகூட என் மெஷினுக்கு இல்லை.

பெயர் ஒட்டினால் தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில் குபர்நெட்டிஸ் பரவிவிட்டது. 2014-ல் கூகுள் வெளியிட்டது. ஒரே மெஷினுக்குள் பல குழுக்களின் புரோகிராம்கள் சேர்ந்து ஓடும். பில்லில் மெஷின் பெயர் இருக்கும், உள்ளே குடியிருப்பவர்கள் பெயர் இருக்காது. தனிக் கிணறு கூட்டுக் கிணறானது இங்கேதான்.

கூகுளில் வேலை பார்த்த வெப் பிரவுனும் அஜய் திரிபாதியும் 2019-ல் 'கியூப்காஸ்ட்' தொடங்கினார்கள். கணக்குப் போடுகிற பகுதியைத் திறந்தே வைத்தார்கள். அது வளர்ந்து 'ஓப்பன்காஸ்ட்' என்ற பெயரில் 2022 ஜூனில் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனுக்குள் சேர்ந்தது. அதன் அடிப்படை விதியைப் படித்தபோது தாத்தா ஞாபகம்தான் வந்தது. ஒரு புரோகிராம் ஒதுக்கி வைத்துக்கொண்ட அளவு ஒன்று, உண்மையில் பயன்படுத்திய அளவு ஒன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. முறையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது உன் கணக்கு.

ஆனால் யாருமே ஒதுக்கிக்கொள்ளாமல் மிச்சம் கிடக்கிற இடம்? அதை ஓப்பன்காஸ்ட் 'ஐடில்' என்று தனியாகக் காட்டும். யார் தலையில் கட்டுவது என்பதை நம்மிடமே விட்டுவிடும்.

எங்கள் ஆபீஸில் எல்லார் தலையிலும் விகிதப்படி கட்டினார்கள். வாரா வாரம் குழுவாரியாக மெயில் வந்தது. அதில் மேலே வந்துவிடக் கூடாது என்று பயந்த ஒரு சின்ன டீம், தன் மெமரி ஒதுக்கீட்டைப் பாதிக்குக் கீழே குறைத்துக்கொண்டது. மூன்று வாரம் பாராட்டு. ரிலீஸ் அன்று ராத்திரி மெஷினில் இடம் நெருக்கியபோது, ஒதுக்கியதற்கு மேல் தின்று கொண்டிருந்த அவர்களின் புரோகிராம்களைத்தான் குபர்நெட்டிஸ் முதலில் வெளியே தள்ளியது. அதன் விதி அப்படி. இருபத்து மூன்று வயசுப் பையன் ஒருவன் விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தான். அந்த வாரச் செலவுப் படத்திலும் அவர்கள் டீம் பச்சையாகவே இருந்தது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் என்று ஆளுக்கொரு மொழியில் பில் போட்டதை ஒரே படிவத்துக்குக் கொண்டுவர 2024 ஜூனில் 'ஃபோகஸ்' என்ற தரத்தின் முதல் பதிப்பு வந்தது. செப்டம்பரில் ஐபிஎம் கியூப்காஸ்ட்டை வாங்கியது. அடுத்த மாதமே ஓப்பன்காஸ்ட் ஃபவுண்டேஷனில் ஒரு படி ஏறியது. கம்பெனி கைமாறினாலும் கணக்குப் போடும் கோடு பொதுவில் இருக்கிறது. என் பில் எப்படி வந்தது என்று வரி வரியாகத் தட்டிப் பார்க்கலாம். இத்தனை வருஷ முன்னேற்றத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். எவ்வளவு மிச்சம் பிடித்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிணற்றுச் சண்டையை ஊரில் ஒருவழியாக முடித்தார்கள். திருப்பூர்க்காரர் பங்குக் காசை யார் கட்டுகிறார்களோ, அவர் திரும்பி வரும்வரை அவர் முறைத் தண்ணீர் அவர்களுக்கு. முதல் வருஷம் கட்டியது அவர் தம்பியேதான்.

இதையே ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன். ஐடில் காசை ஏற்றுக்கொள்கிற டீமுக்கு, நெருக்கடி நேரத்தில் அந்த மிச்ச இடத்தில் முதல் உரிமை. குபர்நெட்டிஸில் முன்னுரிமை கொடுக்க வசதி ஏற்கெனவே இருக்கிறது.

"நல்லாருக்கே, ஒரு டிக்கெட் போடு" என்றார் மேனேஜர். போட்டேன். பதினான்கு மாதமாகத் திறந்தே கிடக்கிறது.