திருச்சி டு 'எஞ்சாமி': பாட்டு ஹிட் ஓகே... காசு யாருக்கு?

'இன்ஜினீயரிங் முடிச்சுட்டு மியூசிக் பண்றேன்னு சொன்னா வீட்ல என்ன சொல்வாங்க?' திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் ஹாஸ்டல் ரூமில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் பீட் போடும் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். அதே திருச்சியில் பிறந்து, அங்கேயே இன்ஜினீயரிங்கும் முடித்து, இசைக்குப் போனவர்தான் சந்தோஷ் நாராயணன். அவர் ரூட் எப்படி இருந்தது?

கன்சோலுக்குப் பின்னால்...

1983-ல் பிறந்தவர். ஜே.ஜே. பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தார். படிப்பு முடிந்ததும் நேராக இசையமைப்பாளர் ஆகிவிடவில்லை. ரெக்கார்டிங் இன்ஜினீயர், புரோகிராமர் என்று மற்றவர்களின் பாடல்களுக்குப் பின்னால் வேலை பார்த்தார். மைக் வைப்பதில் தொடங்கி மிக்ஸிங் வரை கைப்பழக்கம் வந்தது இப்படித்தான்.

2012-ல் 'அட்டகத்தி'. கானா பாலாவின் குரலில் 'ஆடி போனா ஆவணி' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அதே வருடம் 'பீட்சா', அடுத்து 'சூது கவ்வும்', 'ஜிகர்தண்டா', 'மெட்ராஸ்'. 2016-ல் ரஜினியின் 'கபாலி'. முதல் படம் வந்த நான்கே வருடத்தில் சூப்பர் ஸ்டார் படம்!

சினிமாவுக்கு வெளியே ஒரு பாட்டு

2021 மார்ச் 7. படம் இல்லை, ஹீரோ இல்லை. ஆனாலும் 'என்ஜாய் எஞ்சாமி' தெறி ஹிட். தீயும் அறிவும் பாடினார்கள். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையும், நிலமில்லாத மக்களின் வலியும் அந்தப் பாட்டுக்குள் இருந்தன. யூடியூபில் பல கோடிப் பார்வைகள். தமிழில் சுயாதீன இசைக்கும் பெரிய கூட்டம் இருக்கிறது என்று இந்தப் பாட்டு காட்டியது.

சிக்கலும் கூடவே வந்தது. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் இந்தப் பாட்டு ஒலித்தபோது அறிவு அங்கே இல்லை. பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற விவாதம் சமூக வலைதளங்களில் வெடித்தது. அறிவு, தீ, சந்தோஷ் மூவரும் அவரவர் தரப்பை எழுதினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் ஒரு வீடியோ வெளியிட்டார். மூன்று வருடம் ஆகியும் இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வருமானம் வரவில்லை என்றார். சுயாதீனக் கலைஞர்களுக்கு வெளிப்படையான தளங்கள் தேவை என்றும் சொன்னார்.

ரஜினி படத்துக்கு இசையமைத்தவருக்கே இந்த நிலை என்றால், முதல் பாட்டு போடும் உங்களுக்கு?

ரிலீஸுக்கு முன்னால் இதைப் பாருங்க

* ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. பதிவான ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. ஒன்றை எழுதிக் கொடுத்தால் மற்றதும் போய்விட வேண்டியதில்லை. எதைக் கொடுக்கிறீர்கள் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

* யார் எழுதினார், யார் மெட்டு போட்டார், யாருக்கு எத்தனை சதவிகிதம்? ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். இதற்கு 'ஸ்ப்ளிட் ஷீட்' என்று பெயர். 'நம்ம பசங்கதானே'னு விடாதீங்க. பாட்டு ஹிட்டான பிறகு இதைப் பேசுவது ரொம்பக் கஷ்டம்.

* ஒப்பந்தத்தில் காலமும் நாடும் இருக்கிறதா? காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் நம் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நிரந்தரமாக, உலகம் முழுக்க' என்று எழுதியிருந்தால் நிதானமாக யோசியுங்கள்.

* பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். பாட்டைப் பொதுவெளியில் பயன்படுத்துவோரிடம் ராயல்டி வசூலித்துப் பிரித்துத் தரும் அமைப்பு அது.

* ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பும்போது, ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனும் 12 எழுத்து எண் கிடைக்கும். பாட்டுக்கு அது ஆதார் நம்பர் மாதிரி. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேப்பர் வேலைக்கு ஒரு சாயங்காலம் போதும். இன்னைக்கு ராத்திரி பீட்டை முடிச்சதும், கூட வேலை பார்த்த நண்பனுக்கு போன் போட்டு அந்த ஒரு பக்கத்தை முதல்ல எழுதிடுங்க!