துண்டுச் சீட்டும் குடியுரிமையும்

இலங்கை மலைத்தோட்டத் தமிழரின் வரலாற்றைக் கண்டியிலிருந்து தொடங்குவதே நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. ஆனால் அவர்களுக்கு ஆள் சேர்த்த அலுவலகம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. தோட்ட முதலாளிகள் 1904-ஆம் ஆண்டில் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் ஆணையம் இந்நகரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. வடகரையிலுள்ள முசிறி, துறையூர் வட்டாரங்களிலிருந்து வந்தோர் கொள்ளிடத்தையும் ஸ்ரீரங்கத் தீவையும் காவிரியையும் கடந்தே இந்நகரை அடைய வேண்டியிருந்தது. நிலமற்றோரும் தாழ்த்தப்பட்டோரும் அவர்களுள் பெருந்தொகையினர்.

கங்காணி தந்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, துணி ஆகிய யாவும் தோட்டத்தை அடைந்தபோது கடனாய் நின்றன. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பியவர் 'துண்டு' பெறவேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டே அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடனோ தொழிலாளியை விட்டு நீங்காது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு விலகுவது 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

இம்மக்களிடையே 1854-இல் ஒரு நற்செய்திப் பணி தொடங்கிற்று. அதன் பெயரே தமிழ்க் கூலி மிஷன்! துரைமாரின் ஆதரவில் நடந்த அப்பணி, துரைமாரின் துண்டை எதிர்த்துப் பேசுவது எளிதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சீர்திருத்தம் வராமலில்லை. 1921-இல் துண்டு ஒழிக்கப்பட்டது. 1922-இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும், 1927-இல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பிறந்தன. எனினும் இவை தொழிலாளியைக் கூலிக்குரியவனாகக் கண்டனவேயன்றி நாட்டிற்குரியவனாகக் காணவில்லை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 பேரை எண்களாய்ப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்பட வேண்டியோர். இப்பங்கீட்டில் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. அந்த மீதியும் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இரு மன்னர் கால்நடையைப் பங்கிட்டாலும் இத்துணை எளிதாய் முடிந்திராது.

இதிலிருந்து விளைந்த ஒரு முரண்பாடு நம் ஊரிலேயே கண்கூடு. உடன்படிக்கைப்படி கடவுச்சீட்டுடன் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்தவர் 'தாயகம் திரும்பியோர்'. அவர் இந்தியக் குடிமகன். அதே லயத்து வரிசையில் அடுத்த அறையில் பிறந்து, 1983-ஆம் ஆண்டு வன்செயலுக்குத் தப்பி வந்தவரோ அகதி. இருவருடைய பாட்டனாரையும் கங்காணி ஒரே கிராமத்திலிருந்து அழைத்துச் சென்றிருக்கலாம். ஆயினும் பின்னவர், 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 'சட்டவிரோதக் குடியேறி' என்னும் பெயருக்குள் அடக்கப்பட்டார்.

திருச்சியின் கொட்டப்பட்டு, மன்னார்புரம் முகாம்களில் வாழ்ந்த இத்தகைய 65 பேர் குடியுரிமை கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினர். 2019 ஜூனில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், அவர்களுடைய முன்னோர் இந்தியரே என்பதைக் கருத்திற்கொண்டு, அவர்கள் விண்ணப்பிக்க வழிசெய்து, மத்திய அரசு அவற்றைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு ஆணையிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. இலங்கையின் பெயர் அதில் இல்லை.