வேலைநிறுத்த உரிமையும் உடன்படிக்கைக் கட்டும்

மாத ஊதியத்தை நம்பி ஊர்விட்டு வந்த குடும்பங்கள் நம்முடையவை. ஆதலின் வேலைநிறுத்தம் என்பது நம் காலனி இல்லங்களில் வெறும் பத்திரிகைச் சொல்லன்று. அச்சொல்லைக் கேட்டதும் நம் தாய்மார் முதலில் நினைப்பது மளிகைக் கணக்கையே. அவ்வுரிமை நமக்கு எவ்வாறு கிடைத்தது, எந்த அளவிற்குக் கிடைத்தது என்பதை இம்மலரில் சிறிது ஆராய்வோம்.

ஒரு காலத்தில் வேலையை விட்டு விலகுவதே இந்நாட்டில் தண்டனைக்குரியதாய் இருந்தது. 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டப்படி, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலை செய்யாது நின்றால், பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையை முடிக்குமாறோ மாஜிஸ்டிரேட்டு ஆணையிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. வணிகன் வாக்குத் தவறினால் சிவில் வழக்கு, கூலியாள் தவறினால் சிறைவாசம்! இச்சட்டத்தை நீக்குவதற்கு 1925-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இதனிடையே சென்னையில் நிகழ்ந்ததை நாம் மறத்தற்கில்லை. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டனர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்று உழைக்க, பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. உடன் நின்றார். 1920-இன் இறுதியில் பூசல் முற்றிக் கதவடைப்பு நிகழ்ந்தது. தொழிலாளர் தம் வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தூண்டினர் என்று வாடியா முதலியோர் மீது கம்பெனியார் உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தடையாணையும் பெற்றனர். இங்கிலாந்தில் இத்தகைய வழக்கினின்று சங்கத்தாரைக் காக்கும் சட்டம் 1906-லேயே பிறந்துவிட்டது. அந்நாட்டார் ஆண்ட இந்தியாவிலோ அக்காப்பு இல்லை. முடிவில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவதென்ற ஏற்பாட்டின்மேல் வழக்கு கைவிடப்பட்டது. தலைவரை விலையாகக் கொடுத்துச் சங்கம் உயிர்தப்பியது என்றே நாம் கருதுகிறோம்.

இந்நிகழ்ச்சி வீண்போகவில்லை. 1921-இல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குக் காப்பு வேண்டித் தீர்மானம் கொணர்ந்தார். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்து 18-ஆவது பிரிவு, தொழில் தகராற்றின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்னும் ஒரே காரணத்தால் பதிவுபெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்குத் தொடர இயலாதவாறு தடுத்தது.

ஆயினும் ஒப்பந்தம் வேறு வடிவில் திரும்பி வந்தது. தனியாளின் ஒப்பந்தம் அன்று தளையாயிற்று. பின்னர்ச் சங்கமே கையொப்பமிட்ட உடன்படிக்கை தளையாயிற்று. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்து 23-ஆவது பிரிவு, உடன்படிக்கை நடப்பிலிருக்கும் காலத்தில் அதில் அடங்கிய பொருள் பற்றி வேலைநிறுத்தம் செய்தல் ஆகாது என்றது. முதலாளியின் கதவடைப்பிற்கும் அதே தடை இருந்தது. உடன்படிக்கையில் அடங்காத பொருளுக்கு அப்பிரிவு பொருந்தவில்லை. நுணுக்கம் இங்கேதான் உள்ளது: எதை எழுதினோம், எதை எழுதாது விட்டோம் என்பதே பின்னாளில் வழக்காகும்.

இத்தகைய கட்டு முற்றிலும் தீதென்று நாம் கூறவில்லை. அகமதாபாத்தில் 1918-இல் காந்தியடிகள் நடத்திய போராட்டம் மத்தியஸ்தத்தில் முடிந்து, தொழிலாளர் கேட்ட 35 சதவீத உயர்வே தீர்ப்பாயிற்று. நடுவர் உண்மையிலேயே கிடைப்பாராயின் வேலைநிறுத்தத்தை ஒதுக்கிவைப்பதில் இழப்பொன்றுமில்லை.

நடுவர் கிடையாவிடின் என் செய்வது? மத்திய சர்க்கார் ஊழியர் 1960 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தபோது அவசரச் சட்டம் எதிர்நின்றது. 1962-இல், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என்று சுப்ரீம் கோர்ட்டும் தெளிவுபடுத்தியது. பின்னர் 1966-இல் கூட்டு ஆலோசனை அமைப்பு ஏற்பட்டது. ஊதியம், வார வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் இணக்கம் ஏற்படாவிடில் மத்தியஸ்தத்திற்கு விடுவதென்பது அதன் விதி. ஆனால் தேவைக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் என்ற முதற்பெருங் கோரிக்கையையே மத்தியஸ்தத்திற்கு விடச் சர்க்கார் மறுத்தனர். 1968 செப்டம்பர் 19-இல் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தம் அதன் விளைவு. ஊழியர் மட்டுமே விதியை மீறினர் என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

1974 மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் முதியோரே எம்மினும் நன்கு கூறுவர். 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுக் கோவை, பொதுப்பயன் தொழில்களுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பை எல்லாத் தொழில் நிலையங்களுக்கும் விரித்தது. பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுப்பினும் அது வேலைநிறுத்தமே என்றும் வரையறுத்தது.