பாணும் சொசேஜும்

ஜேர்மானியப் பொதுமக்களின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அரண்மனைகளையும் கோட்டைகளையும் மட்டும் பார்த்து அமைதல் போதாது. மாலை வேளையில் ஒரு சாதாரண வீட்டு மேசைமீது வைக்கப்படும் மரப்பலகையையும் அவர்கள் நோக்குதல் வேண்டும். ஒரு துண்டுக் கறுப்புப் பாண், அதன்மேற் பூசிய வெண்ணெய், வெண்ணெயின்மீது மெல்லிதாக அரிந்து பரப்பிய சொசேஜ், இவ்வளவே அவ்வுணவு. ‘ஆபென்ட்புறோட்’, அதாவது மாலைப்பாண், என்பது அதன் பெயர். அதற்காக அடுப்பு மூட்டுவாரில்லை. பள்ளிப் பிள்ளையின் பையிலும் தொழிலாளியின் உணவுப் பெட்டியிலும் பகலிற் செல்வது பெரும்பாலும் இதுவே.

இவ்வுணவு நாக்கின் சுவைக்காக மட்டும் பிறந்ததன்று. கோதுமை நன்கு விளையாத குளிர்நிலத்திலும் மணற்பாங்கிலும் றை என்னும் தானியம் விளையும்; கறுப்புப் பாண் அதன் மாவினாலாயது. குளிர்காலம் முழுவதும் பன்றிகளுக்குத் தீனி போட இயலாத குடியானவன் அக்காலத் தொடக்கத்திலேயே அவற்றைக் கொன்றான். அவ்விறைச்சியைக் கொத்தி, உப்பிட்டு, குடலில் அடைத்து, புகையூட்டி வைத்தால் மாதக்கணக்கிற் கெடாது. சிக்கனமே இங்கு சமையற்காரன்.

ஆனால், குடலுக்குள் அடைத்த பொருளைக் கண்ணாற் காண முடியாதே! வாங்குபவன் விற்பவனை நம்பியாக வேண்டும். தூரிங்கியாவிலுள்ள ஆர்ன்ஸ்டாட் கன்னியர் மடத்தின் கணக்கேடு, 1404 ஆம் ஆண்டிற் சொசேஜுக்கான குடல் வாங்க ஒரு குறோஷன் செலவானதைக் குறிக்கின்றது. அதே பிரதேசத்து வைமார் நகரின் 1432 ஆம் ஆண்டுக் கட்டளையோ, கெடாத தூய இறைச்சியையன்றிப் பிறிதொன்றைச் சேர்க்கும் கசாப்புக்காரனுக்கு 24 பெனிக் தண்டம் விதித்தது. நியூரெம்பேர்க் நகரத்துச் சிறு சொசேஜ், 7 முதல் 9 சென்ரிமீற்றர் நீளமே உடையது. மூன்றைச் சுட்டு ஒரு சிறு பாணுக்குள் வைத்துக் கொடுப்பர். அந்நகரிற் செய்யப்படுவதற்கே அப்பெயர் உரியதென ஐரோப்பிய ஒன்றியம் 2003 இற் சட்டக் காப்பளித்தது.

முதலாம் உலக மகாயுத்தத்தில் இவ்வெளிய உணவின் இரண்டு உறுப்புகளும் ஒருங்கே அழிந்தன. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் வெளிநாட்டுத் தானியம் வராது போயிற்று. பாண் மாவில் உருளைக்கிழங்கு கலக்கப்பட்டது. மனிதருக்குரிய கிழங்கையும் தானியத்தையும் பன்றிகள் தின்கின்றன என்று அறிஞர் சிலர் கணக்குக் காட்டவே, 1915 இல் இலட்சக்கணக்கான பன்றிகள் கொல்லப்பட்டன. ஏட்டளவிற் பிழையற்ற அக்கணக்கு மேசைக்கு வந்தபோது பொய்த்தது: சிறிது காலம் இறைச்சி மலிந்தது, பின்னர் இறைச்சியுமில்லை, கொழுப்புமில்லை. குடலுக்கும் பஞ்சமே. செப்பலின் ஆகாயக் கப்பலொன்றின் வாயுப் பைகளுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் குடற்சவ்வு வேண்டியிருந்தது. 1916 இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்க்க, கால்நடைத் தீனியான ஒருவகைக் கிழங்கை மக்கள் உண்டனர். அக்காலத்தை ‘டேர்ணிப் குளிர்காலம்’ என்று ஜேர்மானியர் இன்றும் அழைப்பர்.

அவ்வேளையிற் கொலோன் நகரின் உணவு விநியோகத்தை நடத்தியவர் கொன்றாட் அடெனோவர். சோளம், வாற்கோதுமை, அரிசி ஆகியவற்றின் மாவினால் ஒரு பாணை ஆக்குவித்தார். றுமேனியா 1916 இற் பகைவரோடு சேர்ந்ததும் அங்கிருந்து வந்த சோளம் நின்றது. பின்னர் இறைச்சிக்குப் பதிலாகச் சோயாவைக் கொண்டு ஒரு சொசேஜை வகுத்தார். அதற்குக் காப்புரிமை வழங்க ஜேர்மனி மறுத்துவிட்டது. இறைச்சியில்லாததைச் சொசேஜ் என அழைக்க அந்நாட்டு விதி இடந்தரவில்லை. மக்கள் பட்டினியால் வாடிய வேளையிலும் பெயரின் தூய்மையை விட்டுக்கொடாத உத்தியோகத்தரை மெச்சுவதா, நோவதா? எதிரி நாடான பிரித்தானியாவிலோ 1918 ஜூன் 26 என்னும் திகதியிட்டு அவ்வுரிமை கிடைத்தது. அடெனோவர் 1949 இல் மேற்கு ஜேர்மனியின் முதலாவது அதிபராகி, 1963 வரை ஆட்சி செய்தார்.

இரண்டாம் யுத்தத்தின் முடிவில், பால்டிக் கரையிலுள்ள றூகன்வால்ட என்னும் சிற்றூர் போலந்துக்குரியதாயிற்று. பாணிற் பூசியுண்ணும் மென்மையான ‘தேயிலைச் சொசேஜ்’ அவ்வூரிற் பெயர்பெற்றது. தேநீரோடு உண்பதால் வந்த பெயரேயன்றி அதில் தேயிலை இல்லை. ஊரைவிட்டு மேற்கே சென்ற கசாப்புத் தொழிலாளர், ஊரின் பெயரைத் தம் சொசேஜின்மீது எழுதி வைத்தனர். அவ்வூர்ப் பெயர் தாங்கிய ஒரு நிறுவனம் 2014 இல் இறைச்சியே கலவாத பண்டங்களையும் செய்யத் தொடங்கிற்று. அவை ஜேர்மனியின் கடைகளில் வெளிப்படையாக விற்கின்றன; மாலையிற் பாணின்மேலும் ஏறுகின்றன.