தோற்ற முன்மொழிவும் நிலைத்த சட்டமும்: ஜான் பிரிக்ஸின் அரசியல் வாழ்வு குறித்த மறுமதிப்பீடு

1978 நவம்பர் 7 அன்று கலிஃபோர்னியா வாக்காளர்கள் பெற்ற வாக்குச்சீட்டில், ஒரே அரசியலாளர் முன்னின்று கொண்டுவந்த இரண்டு சட்ட முன்மொழிவுகள் அடுத்தடுத்து இடம்பெற்றிருந்தன. ஆறாவது முன்மொழிவு, தன்பாலீர்ப்பாளர்களைப் பள்ளிப் பணியிலிருந்து நீக்க வழிசெய்தது. ஏழாவது, மரண தண்டனைக்குரிய கொலைகளின் பட்டியலை விரித்தது. ஆறாவதை 58 விழுக்காட்டினர் நிராகரித்தனர். ஏழாவதை 71 விழுக்காட்டினர் ஏற்றனர். இரண்டையும் முன்னெடுத்தவர் ஆரஞ்சு கவுண்டியின் ஃபுல்லர்டன் நகரைச் சேர்ந்த குடியரசுக் கட்சி மாநிலச் செனட்டர் ஜான் பிரிக்ஸ் (1930–2020).

பிரிக்ஸ் இன்று நினைவுகூரப்படுவது தோல்வியால்தான். சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினரும் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தலைவருமான ஹார்வி மில்க்கின் வாழ்க்கையைச் சொல்லும் எந்த வரலாற்றிலும் அவர் எதிர்த்தரப்பாக வந்து, தோற்று, மறைகிறார். அந்த நினைவில் பிழையில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. தோற்ற முன்மொழிவு ஓர் இயக்கத்துக்கு வலுவூட்டிவிட்டுப் போயிற்று. வென்ற முன்மொழிவு இன்றும் கலிஃபோர்னியாவின் மரண தண்டனைச் சட்டத்துக்கு அடித்தளமாக இருக்கிறது. இரண்டு வரைவுகளுக்கும் பொதுவான குணம் அவற்றின் அளவுமீறிய விரிவு என்பதும், அந்த விரிவு தம்மைத் தொடும் என்று வாக்காளர்கள் உணர்ந்த இடத்தில் மறுத்தார்கள், உணராத இடத்தில் ஏற்றார்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அவைக்கு வெளியே ஒரு சட்டமன்ற உறுப்பினர்

காப்பீட்டு முகவராக இருந்த பிரிக்ஸ் 1967 முதல் பத்தாண்டுக் காலம் மாநிலக் கீழவையிலும், பின்னர் 1981 வரை மாநிலச் செனட்டிலும் இருந்தார். இரு அவைகளிலும் அக்காலத்தின் பெரும்பகுதியில் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மை வகித்தது. வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் சட்டத்தை 1975-இல் அந்தப் பெரும்பான்மை நிறைவேற்றியது. பிரிக்ஸின் கருத்துகளுக்கு அவையில் வழி குறுகலாக இருந்தது.

அவைக்கு வெளியே வேறொரு வழி இருந்தது. இரயில்வே நிறுவனங்களின் பிடியிலிருந்து மாநில அரசியலை மீட்க, ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில், 1911-இல், குடிமக்கள் நேரடியாகச் சட்டம் முன்மொழியும் உரிமை கலிஃபோர்னிய அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காட்டுக்கு ஈடான கையொப்பங்களைத் திரட்டினால், ஒரு சட்ட வரைவை மக்கள் வாக்குக்கு விடலாம். இந்திய அரசியலமைப்பில் இதற்கு இணையான ஏற்பாடு கிடையாது என்பதால், இதன் ஒரு விளைவை இங்கே விளக்க வேண்டும். மக்கள் வாக்கால் இயற்றப்பட்ட சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் கொடுத்தாலன்றி, சட்டமன்றம் தானாகத் திருத்தவோ நீக்கவோ முடியாது. திருத்தம் மீண்டும் மக்கள் வாக்குக்கே செல்ல வேண்டும். இவ்வழியில் பிறந்த சட்டத்தின் பிழையும் எளிதில் திருத்த முடியாதபடி கெட்டிப்பட்டுவிடுகிறது.

1977 ஜூன் 7 அன்று, ஃபுளோரிடாவின் டேட் கவுண்டியில் தன்பாலீர்ப்பாளருக்குப் பாதுகாப்பளித்த உள்ளூர்ச் சட்டம், பாடகி அனிட்டா பிரையன்ட் நடத்திய பரப்புரையால் மக்கள் வாக்கில் நீக்கப்பட்டது. அங்கு சென்று அதை நேரில் கண்ட பிரிக்ஸ், ஒரு வாரத்துக்குள் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றப் படிகளில் நின்று, தன்பாலீர்ப்பாளர்களைப் பள்ளிப் பணியிலிருந்து நீக்கும் தம் திட்டத்தை அறிவித்தார். அப்போது அவருக்கு ஆளுநர் பதவி நாட்டமும் இருந்தது. 1978-இல் அந்தப் போட்டியிலிருந்து விலகினார். முன்மொழிவுகள் மட்டும் தொடர்ந்தன.

ஆறாவது: வாக்காளர் தம்மைக் கண்ட இடம்

குழந்தைகளைக் காப்பது என்பதே ஆறாவது முன்மொழிவுக்குச் சொல்லப்பட்ட நோக்கம். அதன் வரிகள் அதைவிட வெகுதூரம் சென்றன. தன்பாலீர்ப்பு நடத்தையை ஆதரித்துப் பேசுவது, ஊக்குவிப்பது ஆகியவையும், மாணவர் அல்லது சக ஊழியர் கவனத்துக்கு வரக்கூடியவை என்றால், பணிநீக்கத்துக்குப் போதுமான காரணங்களாயின. அதாவது, தன்பாலீர்ப்பாளராக இல்லாத ஓர் ஆசிரியரும் தம் நண்பரின் உரிமைக்காகப் பேசினால் வேலை இழக்கலாம்.

தொடக்கக் கருத்துக்கணிப்புகளில் முன்மொழிவு பெரும் ஆதரவு பெற்றிருந்தது. இரண்டு செயல்கள் நிலைமையை மாற்றின. முதலாவது, மில்க்கும் பேராசிரியர் சாலி கியர்ஹார்ட்டும் பிரிக்ஸை மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் நேருக்கு நேர் எதிர்கொண்டதும், தம்மை வெளிப்படுத்திக்கொள்ளுமாறு தன்பாலீர்ப்பாளர்களை மில்க் அழைத்ததும். அண்டை வீட்டுக்காரர், உடன்பிறந்தவர், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தந்தவர் என முகங்கள் தெரியத் தெரிய அச்சம் தணிந்தது. இரண்டாவது, முன்னாள் ஆளுநர் ரொனால்ட் ரேகனின் எதிர்ப்பு. குடியரசுத் தலைவர் பதவியைக் குறிவைத்திருந்த பழமைவாதத் தலைவரான அவர், மதிப்பெண்ணால் மனக்கசப்புற்ற ஒரு மாணவரின் பொய்ப் புகார்கூட ஓர் ஆசிரியரின் வாழ்வைக் குலைத்துவிடும் என்ற கவலையை முன்வைத்தார். ரேகனின் வாதம் தன்பாலீர்ப்பாளர் உரிமையைத் தொடவே இல்லை. தனி மனிதர் மீது அரசு நீட்டும் கையைப் பற்றிய, பழமைவாத மரபுக்கே உரிய ஐயம் அது. வரைவின் விரிவுதான் அந்த ஐயத்துக்கு இடம் கொடுத்தது.

இவ்விரு பரப்புரைகளும் சேர்ந்து வாக்காளரைக் குற்றம்சாட்டப்படக்கூடியவரின் இடத்தில் நிறுத்தின. பிரிக்ஸின் சொந்த ஆரஞ்சு கவுண்டியிலேயே முன்மொழிவு தோற்றது. இருபதாம் நாள், நவம்பர் 27 அன்று, மில்க்கும் சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் நகர மன்றத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஏழாவது: வாக்காளர் தம்மைக் காணாத இடம்

மரண தண்டனையை மீட்டது பிரிக்ஸ் என்று கொள்வது தவறு. ஆளுநர் ஜெர்ரி பிரவுனின் மறுப்பாணையை மீறி 1977-இலேயே சட்டமன்றம் அதை மீட்டிருந்தது. வரையறுத்த சில சூழ்நிலைகளுக்கு மட்டுமே பொருந்திய அச்சட்டம் பிரிக்ஸுக்கு வலுவற்றதாகத் தோன்றியது. வழக்கறிஞர் டொனால்ட் ஹெல்லரைக் கொண்டு புதிய வரைவு எழுதப்பட்டது. மகன் ரான் பிரிக்ஸும் பரப்புரையில் உழைத்தார். மரண தண்டனைக்கோ பரோல் இல்லாத ஆயுள் தண்டனைக்கோ இட்டுச்செல்லும் சிறப்புச் சூழ்நிலைகள் பெருகின. முதல்நிலைக் கொலைக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை, இரண்டாம்நிலைக் கொலைக்கு 15 ஆண்டு முதல் ஆயுள் வரை எனப் பிற தண்டனைகளும் உயர்ந்தன.

வாக்காளர் கையேட்டில் அச்சான ஆதரவு வாதமே இவ்வரைவின் வெற்றிக்குத் திறவுகோல். இன்றிரவு வீடு திரும்பும் வழியில் போதையில் இருக்கும் ஒருவன் உங்களைக் கொன்றால், நடப்புச் சட்டத்தில் அவனுக்கு மரண தண்டனை கிடைக்காது, இம்முன்மொழிவில் கிடைக்கும் என்ற பொருளில் அது பேசியது. இங்கே வாக்காளர் நிற்பது கொல்லப்பட்டவரின் இடத்தில். கூட்டாளியாகச் சென்று சிக்கிக்கொண்டவரின் இடத்திலோ, பொய்ச் சாட்சியால் கூண்டேறியவரின் இடத்திலோ நின்று பார்க்க அவரை அழைத்த குரல் போதிய வலுவோடு எழவில்லை. ஆறாவதில் மில்க்கும் ரேகனும் வெவ்வேறு திசைகளிலிருந்து செய்த பணியை ஏழாவதில் அதே வலுவோடு செய்ய ஆளில்லை.

இவ்வாசிப்புக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழலாம். மரண தண்டனைக்கு ஆதரவு அன்று பெருகியிருந்தது, பிரிக்ஸ் வெறும் கருவியே என்பது முதலாவது. ஆதரவு இருந்தது உண்மை. ஆனால் 1977 சட்டமே அந்த ஆதரவை நிறைவு செய்திருந்தது. பிரிக்ஸ் சேர்த்தவை விரிவும், சட்டமன்றத்தால் மாற்ற முடியாத நிலையும். ஆறாவது வென்றிருந்தால் அதுவும் அவ்வாறே நிலைத்திருக்கும் என்பது இரண்டாவது. ஓக்லஹோமா இதற்கு விடை தருகிறது. 1978-இல் ஏறத்தாழ அதே சொற்களில் அங்கே ஒரு சட்டம் நிறைவேறியது. பேச்சைத் தண்டித்த அதன் பகுதியை 1984-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1985-இல் உச்ச நீதிமன்றம் 4–4 எனப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நின்றது. ஏழாவதின் விரிவு பெரும்பாலும் நீதிமன்றங்களைத் தாண்டி நின்றது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனையையும் ஆளுநர் குறைக்கக்கூடும் என்று நடுவர் குழுவிடம் சொல்லும் அறிவுறுத்தல் 'பிரிக்ஸ் அறிவுறுத்தல்' என்றே பெயர் பெற்றது. 1983-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் மாநில அரசியலமைப்பின்படி அதைத் தடுத்தது. அந்த அறிவுறுத்தல் விழுந்தது, சட்டம் விழவில்லை.

முடிவுரை

கலிஃபோர்னியாவில் 1992 முதல் 2006 வரை 13 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1978 முதல் மாநிலம் மரண தண்டனைக்காகச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 400 கோடி டாலர் என நீதிபதி ஆர்தர் அலார்கான் இணைந்து எழுதிய 2011 ஆய்வு மதிப்பிட்டது. ஆளுநர் கேவின் நியூசம் 2019-இல் தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்திவைத்தபோது 737 பேர் மரண தண்டனைக் கைதிகளாக இருந்தனர்.

வரைந்த ஹெல்லரும் பரப்பிய மகன் ரான் பிரிக்ஸும் பின்னாளில் மனம் மாறினர். 2012-இல் மரண தண்டனையை நீக்கக் கோரிய 34-ஆவது முன்மொழிவை இருவரும் வெளிப்படையாக ஆதரித்தனர். அது 48 விழுக்காட்டோடு தோற்றது. எழுதியவரும் பரப்பியவருமே தங்கள் சட்டத்தைத் திரும்பப் பெற விரும்பியும் இயலவில்லை. சட்டமன்றத்தைச் சுற்றிச் சென்ற வழி, திரும்பி வரும் வழியையும் அடைத்துவிட்டிருந்தது.

சர்ச்சைக்குரிய அரசியலாளர்களை அவர்கள் எழுப்பிய கூச்சலால் அளப்பது நம் வழக்கம். பிரிக்ஸின் வாழ்வு வேறோர் அளவுகோலைக் கேட்கிறது. 1978-இல் ஆசிரியர்களுக்காக எழுந்த கேள்வி, 'இது யார் மீதெல்லாம் பாயும்?' என்பது. அதே நாளில், அதே வாக்குச்சீட்டின் அடுத்த கட்டத்தில், அக்கேள்வி போதிய வலுவோடு எழவில்லை. ஒருவர் நமக்கு அருவருப்பூட்டும்படி பேசும்போது விழித்துக்கொள்ளும் நம் நியாய உணர்வு, அவர் நமக்கு ஒப்பான குரலில் பேசும்போதும் விழித்திருக்க வேண்டும். அந்தக் கேள்வி எழாமற்போன இடத்தில் பிறந்த சட்டத்தின் கீழ்தான் அந்த 737 பேரில் பெரும்பாலோர் காத்திருந்தார்கள்.